இளையோர் நாவல் எழுதும் முறை: வயதைக் குறிப்பதிலிருந்து கடைசித் திருத்தம் வரை

பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்கள் வாசிப்பதற்கென்று தமிழில் ஒரு நாவல் எழுத முனைபவர்களுக்காக, வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். இந்த வரிசையில் சில நாவல்களை எழுதி முடித்திருக்கிறேன். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் புதிதாக எழுத வந்தவர்களின் கைப்பிரதிகளை அவர்களோடு உட்கார்ந்து படித்தும் இருக்கிறேன். நன்றாக எழுதத் தெரிந்தவர்களே நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். எழுதத் தொடங்கும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டியவற்றை அவர்கள் நாற்பதாம் பக்கத்தில்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள் என்பதே அதற்குக் காரணம்.

ஒரே எடுத்துக்காட்டைக் கடைசி வரை கொண்டு போகிறேன். குலசேகரத்தை அடுத்த ஓர் ஊரில் லிஜா என்று பதினாறு வயதுப் பெண் இருக்கிறாள். அவளுடைய அப்பா ரப்பர் பால்வெட்டுகிறவர், அதாவது மரப்பட்டையைக் கத்தியால் கீறிப் பால் எடுப்பவர். வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்து வீட்டில் இருக்கிறார். லிஜா பள்ளியின் கபடி அணியில் ஆடுகிறாள். இவ்வளவும் கற்பனை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கதை நடக்கும் ஆண்டின் காலண்டர் ஒன்று வேண்டும். எது ஞாயிற்றுக்கிழமை, எது தேர்வு நாள், எந்த வாரம் கோயில் கொடை, எந்த வாரம் தேவாலயத் திருவிழா என்பவை இளையோரின் நாள்களைப் பெரியவர்களுடைய நாள்களைவிட அதிகமாகக் கட்டுப்படுத்துகின்றன. ஒரு பிரதியில் திங்கள் முதல் வெள்ளி வரை கதாநாயகன் பகல் முழுவதும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் பத்தாம் வகுப்பு மாணவன் என்பதை எழுதியவரே மறந்திருந்தார்.

நீங்கள் எழுதப்போகும் வயதில் இப்போது இருக்கும் இரண்டு மூன்று பேரோடு, அவர்களுடைய பெற்றோருக்குத் தெரிய, அடிக்கடி பேச வாய்ப்பு இருக்க வேண்டும். பேட்டி எடுக்க வேண்டாம். கேள்வி கேட்டால் பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார்கள். சேர்ந்து சாயா குடிக்கும்போதும் காலையில் பள்ளிக்கூட நேரப் பேருந்தில் போகும்போதும் காது கொடுத்தால் போதும். அவர்களுக்குத் தெரியாமல் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்யக் கூடாது, அது துரோகம்.

இன்னொன்றையும் நான் கட்டாயமாகச் செய்யச் சொல்வேன். நாவலைத் தொடங்கும் முன் உங்கள் சொந்தப் பள்ளிக்கால நினைவுகள் அனைத்தையும் ஒரு தனி நோட்டில் எழுதித் தீர்த்துவிடுங்கள். ஐஸ் விற்றவர், பிரம்படி, முதல் சைக்கிள், ஆற்றில் குதித்தது என்று எல்லாமும் அதில் வரட்டும். எழுதி முடித்ததும் நோட்டை மூடி வைத்துவிடுங்கள். அப்படி வடிகால் தராவிட்டால் அந்த நினைவுகள் உங்கள் கதாபாத்திரத்தின் வாய் வழியாக வெளியே வரும். லிஜா தன் வயதுக்கு இருபத்தைந்து ஆண்டு முந்தைய உலகத்தில் வாழத் தொடங்கிவிடுவாள்.

2. வயதையும் ஆண்டையும் அட்டவணையாக எழுதுங்கள்

கதாபாத்திரத்தின் பிறந்த ஆண்டைக் குறித்து, அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அவர் எந்த வகுப்பில் இருந்தார், ஊரில் என்ன நடந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் படி இது. கதையின் முக்கால் பாகப் பொருள் எனக்கு இதிலிருந்துதான் கிடைத்திருக்கிறது.

லிஜாவின் கதை 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் 2006-இல் பிறந்தவள். ஆகவே 2004 டிசம்பர் 26 சுனாமியை அவள் பார்த்ததில்லை. பிறர் சொல்லத்தான் கேட்டிருப்பாள். நம் குமரி மாவட்டத்தில் எழுதுபவர்கள் பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சுனாமி நினைவைக் கொடுத்துவிடுவது நான் மிக அதிகமாகக் கண்ட பிழை. அந்த நினைவு எழுதுபவருடையது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது லிஜாவுக்குப் பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. ஒக்கி என்றதும் எல்லோரும் கடற்கரையையும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களையும் நினைக்கிறோம். அப்படி நினைப்பதும் சரியே. ஆனால் அதே காற்று மலையடிவாரத்தில் ரப்பர் மரங்களையும் வாழைகளையும் ஏராளமாகச் சாய்த்தது. அப்படியானால் லிஜா வீட்டு விளையிலும் (தோட்டத்திலும்) மரங்கள் விழுந்திருக்கும். ரப்பர் கன்று வைத்தால் பால்வெட்டுக்கு வர ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். 2018-இல் புதிதாக வைத்த கன்றுகள் 2022-இல் வெட்டுக்கு வந்திருக்காது. ஆகவே புயலில் தப்பி நின்ற மரங்களிலிருந்து வரும் வருமானம் மட்டுமே அந்த வீட்டுக்கு இருக்கிறது. நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் அந்த வீட்டின் பணமுடை தானாகத் தெரிந்துவிட்டது.

மேலே போங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அவள் எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பின் பெரும்பகுதி கைபேசியில் நடந்தது. வீட்டில் ஒரே கைபேசி என்றால் அது யார் கையில் இருந்தது என்ற கேள்வி உடனே வருகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை அவள் 2022 மே மாதம் எழுதியிருப்பாள். அவளுக்கு ஓர் ஆண்டு மூத்தவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுதாமல் தேர்ச்சி பெற்றவர்கள். கபடி அணியில் மூத்தவளுக்கும் லிஜாவுக்கும் இடையே ஒரு சீண்டல் வேண்டுமென்றால் அது இங்கே காத்திருக்கிறது. 2022-23-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு உண்டு என்பதால், "இந்த வருஷம் விளையாடிக்கொள்ளட்டும்" என்று வீட்டில் யாரும் எளிதாகச் சொல்லிவிட மாட்டார்கள்.

பெயரையும் இந்தப் பக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். பெயர்களுக்கும் பிறந்த ஆண்டு உண்டு. 2006-இல் பிறந்த பிள்ளைக்கு அவளுடைய அத்தை தலைமுறையின் பெயரை வைத்தால் முதல் வரியிலேயே இளம் வாசகர் விலகிவிடுவார்.

3. விருப்பத்தையும் தடையையும் ஒரே மணி நேரத்தில் வையுங்கள்

இளையோர் நாவலின் மையம், அந்த இளைய வயதினர் தாமே எடுக்க வேண்டிய ஒரு முடிவு. அவருக்காக வேறொருவர் முடிவெடுத்தால் அது பெற்றோர் பற்றிய நாவலாகிவிடும். ஆகவே, அவர் எதை விரும்புகிறார், எது குறுக்கே நிற்கிறது என்பதை இரண்டு வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள்.

புதியவர்கள் இங்கே பெரிய சொற்களை எழுதுகிறார்கள்: "சுதந்திரத்தை விரும்புகிறாள், சமூகம் தடுக்கிறது." இதை வைத்துக்கொண்டு ஓர் அத்தியாயமும் எழுத முடியாது. விருப்பமும் தடையும் கடிகாரத்தில் மோத வேண்டும். லிஜாவுக்குக் காலை ஆறு மணிக்குக் கபடிப் பயிற்சி. அப்பாவின் கை கூடும் வரை பால் வெட்டக்கூடியவள் அவள் ஒருத்திதான், பால்வெட்டும் விடியற்காலையில்தான். இரண்டும் ஒரே நேரத்தில் வருகின்றன. இனி ஒவ்வொரு நாள் காலையும் அவள் ஏதோ ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விலை இருக்கும்.

தடையாக நிற்பவரைக் கெட்டவராக்காமல் இருப்பது நல்லது. முறிந்த கையோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவை எதிர்ப்பது, குடித்துவிட்டு அடிக்கும் அப்பாவை எதிர்ப்பதைவிட லிஜாவுக்குக் கடினமானது. கடினமானதுதான் நாவலுக்குத் தேவை.

4. தொழிலையும் இடத்தையும் நேரில் நின்று பாருங்கள்

கதையின் மோதலைத் தீர்மானித்த பிறகே களத்துக்குப் போக வேண்டும். முன்பே போனால் எல்லாமே அழகாகத் தெரியும். மாத்தூர் தொட்டிப் பாலத்தையும் திற்பரப்பு அருவியையும் பற்றி ஆறு பக்கம் எழுதிவிட்டு, அங்கே கதாபாத்திரம் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பி வருவீர்கள். மோதல் கையில் இருந்தால் சரியான கேள்விகளோடு போவீர்கள்.

லிஜாவுக்காக நான் கேட்ட முதல் கேள்வி, மரத்தை ஏன் விடியற்காலையில் வெட்ட வேண்டும் என்பது. வெயில் ஏறுவதற்கு முன் மரத்தில் நீர் நிறைந்திருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறிய பிறகு வெட்டினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே "பயிற்சி முடிந்து வந்து வெட்டலாமே" என்று வாசகர் கேட்டால் கதையில் பதில் இருக்கிறது. இந்தப் பதில் இல்லாவிட்டால் மோதல் முழுவதும் சரிந்துவிடும்.

அடுத்தது, தினமும் வெட்டுவார்களா என்ற கேள்வி. ஒரே மரத்தை வழக்கமாக ஒன்று விட்டு ஒரு நாள்தான் வெட்டுகிறார்கள். மரத்துக்கு ஓய்வு வேண்டும். பெரிய தோட்டத்தில் பாதி மரங்களை இன்றும் மீதிப் பாதியை நாளையும் வெட்டுவதால் வெட்டுகிறவருக்குத் தினமும் வேலை இருக்கும். சிறிய விளையில் அப்படி இல்லை. லிஜா வீட்டில் புயலுக்குத் தப்பிய மரங்கள் மட்டுமே இருப்பதால் அவள் ஒன்று விட்டு ஒரு நாள் வெட்டுகிறாள். அப்படியென்றால் பயிற்சிக்கும் அவள் ஒன்று விட்டு ஒரு நாள்தான் வராமல் போவாள். உடற்கல்வி ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் அந்த ஒழுங்கு அவர் கண்ணில் படும். யாரும் காட்டிக் கொடுக்காமலே அவள் மறைத்தது வெளியே வரும் வழி எனக்கு இப்படித்தான் கிடைத்தது. மேசையில் உட்கார்ந்து யோசித்திருந்தால் பொறாமை பிடித்த தோழி ஒருத்தியை உண்டாக்கியிருப்பேன்.

மழையைப் பற்றியும் கேட்டேன். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரத்தில் பரவி வழிந்து வீணாகும், ஆகவே வெட்டுவதில்லை. மரத்தில் பிளாஸ்டிக் மறைப்புக் கட்டியிருந்தால் மழைக்காலத்திலும் வெட்டலாம். பணமுடையில் இருக்கும் வீடு அந்த ஆண்டு மறைப்புக் கட்டவில்லை என்று வைத்தேன். உடனே ஓர் உண்மை பிறந்தது: இரவில் மழை பெய்தால் லிஜா பயிற்சிக்குப் போகலாம், வீட்டுக்கு வருமானம் இல்லை. அவள் மழையை விரும்புவாள், விரும்புவதற்காக வெட்கப்படுவாள். விடிந்தும் விடாமல் கொட்டினால் மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்துவிடுவார். அன்று பயிற்சியும் இல்லை, பாலும் இல்லை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கதையை ஜூனில் வைப்பதா அக்டோபரில் வைப்பதா என்பதைப் பள்ளிக் காலண்டரோடு ஒப்பிட்டு முடிவு செய்தேன்.

வெட்டுகிறவரோடு ஒரு காலை முழுவதும் நடந்தால் சொற்களும் கிடைக்கும். சிரட்டையில் பால் சேர்வது, வெட்டுக்கோட்டில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுப்பது, ஆசிட் சேர்த்து உறைய வைத்து ஷீட் அடிப்பது, அதன் வாடை உடுப்பில் ஏறுவது ஆகியவற்றைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பேருந்தில் பக்கத்தில் உட்காருபவளுக்கு அந்த வாடை தெரியும் என்ற ஒரு வரிக்காகவே நான் அன்று போனதாக நினைத்துக்கொள்கிறேன்.

கடற்கரையில் கதை வைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த இரண்டும் நம் ஒரே மாவட்டத்துக்குள் நடைமுறையில் இருக்கின்றன: சின்னமுட்டத்துக்கு ஒன்று, குளச்சலுக்கும் முட்டத்துக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் மற்றொன்று. குளச்சல் விசைப்படகில் வேலை செய்யும் அப்பாவை ஜூலை முதல் வாரத்தில் அதே படகில் கடலுக்கு அனுப்பிய பிரதி ஒன்றைப் படித்தேன். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவன் படித்தால் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவான்.

5. யார் சொல்கிறார், எவ்வளவு தூரத்திலிருந்து சொல்கிறார்

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான படி இது. கதையைத் தன்மையில் சொல்வதா படர்க்கையில் சொல்வதா என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். சம்பவத்துக்கும் சொல்லப்படும் நேரத்துக்கும் இடையே எவ்வளவு காலம் கழிந்திருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. நாற்பது வயதானவர் தன் பதினாறாம் வயதை நினைத்துச் சொல்வது பெரியவர்களுக்கான நாவல். பதினாறு வயதில் இருப்பவர் தனக்கு இன்று நடந்ததைச் சொல்வது இளையோர் நாவல். இரண்டு கதைகளிலும் சம்பவங்கள் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் முதல் கதையில் முடிவு தெரிந்த ஒருவரின் நிம்மதி இருக்கிறது. இளம் வாசகருக்கு அந்த நிம்மதி இல்லை. தனக்கு இல்லாததை வைத்துக்கொண்டு பேசுகிறவரை அவர் நம்பமாட்டார்.

ஒரு வரியைப் பாருங்கள்: "அந்த மழைதான் என் வாழ்க்கையையே மாற்றப் போகிறது என்று அன்று எனக்குத் தெரியாது." எழுதும்போது அழகாகத் தெரியும் இந்த வரி, லிஜாவை உடனே நாற்பது வயதாக்கிவிடுகிறது. அதே இடத்தை இப்படி எழுதலாம்: "நாலரைக்கு அலாரம் அடித்தது. ஓட்டில் மழை விழுகிறதா என்று கண்ணைத் திறக்காமலே கேட்டேன். விழவில்லை. எழுந்து டார்ச்சைத் தலையில் கட்டினேன்." இங்கே லிஜாவுக்கு அடுத்த நிமிடம் தெரியாது, வாசகருக்கும் தெரியாது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. "அந்த வயதில்", "இப்போது நினைத்தால்", "அந்த நாள்களில்", "பிறகுதான் புரிந்தது" ஆகிய சொற்றொடர்களைப் பிரதி முழுவதும் தேடுங்கள். ஒவ்வொன்றும் நீங்கள் கதாபாத்திரத்தைத் தள்ளிவிட்டு உள்ளே வந்த இடம். என் முதல் கைப்பிரதியில் இவை எழுபதுக்கு மேல் இருந்தன. சொற்றொடரை மட்டும் நீக்கினால் போதாது; அந்தப் பத்தியைக் கதாபாத்திரத்துக்குத் தெரிந்த அளவோடு மீண்டும் எழுத வேண்டும்.

படர்க்கையில் எழுதினாலும் இந்த விதி மாறாது. லிஜா வகுப்பில் தூங்கிவிழும்போது ஆசிரியர் மனத்தில் நினைப்பதை எழுதாதீர்கள். அவர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்ததை லிஜா பார்க்கலாம். ஏன் வைத்தார் என்று தவறாகவும் ஊகிக்கலாம். அந்தத் தவறான ஊகம் கதையை நகர்த்தும்.

6. பேச்சு மொழிக்கு ஒரு விதி எழுதி ஒட்டிவையுங்கள்

உரையாடல் வட்டார வழக்கில், விவரிப்பு பொதுத் தமிழில் என்பது பழகிய ஏற்பாடு. தன்மையில் சொல்லும்போது இதில் ஒரு சிக்கல் வருகிறது: வாய் திறந்தால் "எனக்க கத்திய எடுத்தியா?" என்று கேட்பவள், மனத்துக்குள் மட்டும் பாடநூல் தமிழில் நினைப்பாளா? நான் கடைப்பிடிக்கும் விதி, விவரிப்பின் வாக்கிய அமைப்பைப் பொதுத் தமிழில் வைத்து, சொற்களை அவளுடையதாக விடுவது. அவள் "நினைவு" என்று எழுதமாட்டாள், "ஓர்மை" என்பாள். மரவள்ளி அவளுக்கு மரச்சீனி. பலா அவளுக்குச் சக்கை. தோட்டம் அவளுக்கு விளை. இவற்றுக்கு அடிக்குறிப்பு போட வேண்டாம். இடத்தை வைத்துப் பொருளை ஊகிக்க இளம் வாசகருக்குத் தெரியும். விளையாட்டின் விதிகளை அவர் அப்படித்தான் கற்றிருக்கிறார்.

குமரி மாவட்டத்துக்குள் ஒரே பேச்சு இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நாஞ்சில் நாட்டு வயல்புறப் பேச்சு வேறு, விளவங்கோட்டுப் பேச்சு வேறு, கடற்கரையின் பேச்சு வேறு. உங்கள் ஊர்ப் பேச்சை மாவட்டம் முழுவதற்கும் பூசிவிடக் கூடாது. ஒரே பிள்ளையும் மூன்று விதமாகப் பேசும்: வீட்டில் ஒன்று, டீச்சரிடம் ஒன்று, கைபேசியில் ஒன்று. கைபேசியில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவதைப் புத்தகத்தில் அப்படியே அச்சிடுவதைவிட, அந்தச் சுருக்கத்தையும் அவசரத்தையும் தமிழ் எழுத்தில் கொண்டுவருவதே படிக்க உகந்தது.

இன்றைய பிள்ளைகளின் புதுச் சொற்களைத் துரத்தாதீர்கள். நீங்கள் எழுதி, அச்சாகி, கடைக்கு வருவதற்குள் அவை பழையதாகிவிடும். கூப்பிடும் முறையை மட்டும் தவறவிடாதீர்கள்: மக்ளே, பிள்ளே, லே ஆகியவற்றில் யார் யாரை எதைச் சொல்லி அழைக்கலாம் என்பதில் பிழை வந்தால் ஊரே பொய்யாகத் தெரியும்.

7. பெரியவர்களைக் கதையிலிருந்து துரத்தாமல் தள்ளி நிறுத்துங்கள்

பெற்றோரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவதும் கொன்றுவிடுவதும் எளிய வழிகள். நம் ஊரில் வளைகுடா நாடுகளுக்குப் போன அப்பாக்கள் ஏராளம் என்பதால் அது பொய்யும் இல்லை. ஆனால் அதைக் கதைக்குத் தேவையாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். பெரியவர்கள் வீட்டிலேயே இருந்து, அன்பாகவும் இருந்து, அந்த ஒரு முடிவில் மட்டும் உதவ இயலாதவர்களாக இருப்பதே வலிமையான அமைப்பு. லிஜாவின் பாட்டா (தாத்தா) அறிவுரை சொல்லலாம். அந்த அறிவுரை அவருடைய காலத்துக்குச் சரியானதாகவும் அவளுக்குப் பயன்படாததாகவும் இருக்க வேண்டும்.

கடைசி அத்தியாயத்தில் தலைமையாசிரியர் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் பிரதிகளை இன்னும் பார்க்கிறேன். இதை மட்டும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

8. முதல் வரைவை நிற்காமல் எழுதுங்கள்

இதுவரை சொன்னவற்றுக்கு ஒன்றரை மாதம் ஆகலாம். முதல் வரைவுக்கு மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 400 சொற்கள் வீதம் வாரத்துக்கு ஆறு நாள் எழுதினால் மூன்று மாதத்தில் ஏறத்தாழ 30,000 சொற்கள் வரும். தமிழில் ஓர் இளையோர் நாவலுக்கு அது போதும்.

எழுதியதைத் திரும்பப் படிக்காமல் முன்னே போங்கள். முதல் அத்தியாயத்தைச் செம்மைப்படுத்திக்கொண்டே இருப்பவர்கள் இரண்டாம் அத்தியாயத்துக்கு வருவதில்லை. ஒவ்வொரு நாளும் நிறுத்தும்போது ஒரு காட்சியின் நடுவில் நிறுத்துங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்ற தயக்கம் இருக்காது. அத்தியாயங்கள் ஐந்தாறு பக்கங்களுக்குள் இருந்தால் நல்லது. இந்த வாசகர் பேருந்தில் படிக்கிறார், படுக்கும் முன் படிக்கிறார், அழைத்தால் உடனே எழுந்து போக வேண்டியவராகவும் இருக்கிறார்.

9. கனமான விஷயங்களை எழுதும்போது

சாதி, மதம், காதல், உடல், தேர்வுத் தோல்வி, வீட்டு வன்முறை ஆகியவற்றை இளையோர் நாவலிலிருந்து ஒதுக்கக் கூடாது. பிள்ளைகள் அவற்றின் நடுவில்தான் இருக்கிறார்கள். எதை எழுதுவது என்பதில் தாராளமாக இருங்கள். எப்படி எழுதுவது என்பதில் கண்டிப்பாக இருங்கள்.

தற்கொலை எண்ணத்தை எழுத நேர்ந்தால் முறையையும் பொருளையும் இடத்தையும் விவரிக்காதீர்கள். அதை ஒரு தீர்வாகவோ பழிவாங்கலாகவோ காட்டவும் கூடாது. உங்கள் வாசகர்களில் யாரோ ஒருவர் அதே மனநிலையில் அந்தப் பக்கத்தைப் படிப்பார் என்று எண்ணி எழுதுங்கள். கதாபாத்திரம் ஒருவரிடம் சொல்வதையும் கேட்பவர் அஞ்சாமல் கேட்பதையும் காட்சியாக்குங்கள். புத்தகத்தின் இறுதியில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும், மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-ஐயும் அச்சிடலாம்.

செய்தியில் வந்த உண்மைச் சம்பவத்தை எடுத்து எழுதுபவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள அனைவரும் குழந்தைகள். பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் விவரங்களை ஊடகங்களில் வெளியிடுவதை அது தடை செய்கிறது. நாவலில் பெயரை மாற்றிவிட்டு ஊர், பள்ளி, அப்பாவின் தொழில் ஆகியவற்றை அப்படியே வைத்தால் ஊர் முழுவதும் அடையாளம் கண்டுவிடும். சிறிய ஊர்களில் எழுதும் நாம் இதில் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும். சட்டம் தொடாத இடத்திலும், ஒரு பிள்ளை நம்பிச் சொன்ன கதையை அப்படியே எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

10. ஆறு வாரம் மூடி வைத்து, பிறகு இளையோரிடம் கொடுங்கள்

முதல் வரைவு முடிந்ததும் ஆறு வாரம் தொடாதீர்கள். பிறகு பகுதி 5-இல் சொன்ன சொற்றொடர் தேடலை முடித்துவிட்டு, அந்த வயதில் உள்ள நான்கைந்து பேருக்கு, பெற்றோருக்குத் தெரிவித்து, அச்சிட்டுக் கொடுங்கள். மாணவர்களுக்கு ஆசிரியராக இருப்பவர் தம் மாணவர்களிடம் கொடுக்க வேண்டாம். மதிப்பெண் போடும் கையிடம் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்ற பதில்தான் வரும். ஒரு பென்சிலைக் கொடுத்து, படிப்பதை நிறுத்திவிட்டுக் கைபேசியை எடுத்த இடத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மூன்று பேர் ஒரே பக்கத்தில் கோடு போட்டிருந்தால் அந்தப் பக்கத்தில் ஏதோ நின்றுவிட்டது. அங்கே பெரும்பாலும் நீங்கள் விளக்கிக்கொண்டிருப்பீர்கள். "லிஜா இப்படிச் சொல்லமாட்டாள்" என்று ஒருவர் சொன்னால் வாதிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் மாற்று தவறாக இருக்கலாம், இடம் சரியாகவே இருக்கும்.

11. திருத்தும் வரிசை

பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள். முடிவு அவளுடையதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் வாக்கியங்களைத் திருத்துவது வீண், அந்த அத்தியாயமே போய்விடக்கூடும். அடுத்து, பகுதி 2-இல் எழுதிய அட்டவணையோடு ஒவ்வோர் அத்தியாயத்தின் நாளையும் ஒப்பிடுங்கள். லிஜா வெட்டும் நாள்கள் ஒன்று விட்டு ஒன்றாக வருகின்றனவா, மழைநாளில் சிரட்டையில் பால் வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு இடங்களில் பிழை இருந்தது. உரையாடலைக் கடைசியாக வாய்விட்டுப் படியுங்கள். ஒற்றும் சந்தியும் பார்ப்பதற்கு இன்னொருவர் கண் வேண்டும்.

திரைப்பாடல் வரிகளை மேற்கோளாக வைத்திருந்தால் இந்தக் கட்டத்தில் நீக்கிவிடுங்கள். இந்தியச் சட்டப்படி பாடல் வரிகளுக்கு, எழுதியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. "பக்கத்து வீட்டில் ஏதோ பழைய பாட்டு" என்றாலே வாசகர் தனக்குப் பிடித்த ஒன்றை அங்கே கேட்டுக்கொள்வார். நீங்களே வெளியிடுவதாக இருந்தால் ISBN என்னும் புத்தக எண்ணுக்கு ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையவழி விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை.

12. முதல் அத்தியாயத்தைக் கடைசியில் மீண்டும் எழுதுங்கள்

முதல் அத்தியாயத்தை எழுதியபோது உங்களுக்கு லிஜாவைத் தெரியாது. அதனால் அவளை அறிமுகப்படுத்தியிருப்பீர்கள்: பெயர், வயது, வகுப்பு, அப்பாவின் விபத்து, குடும்ப நிலவரம் என்று எல்லாமும் முதல் மூன்று பக்கங்களிலேயே நிறைந்திருக்கும். இப்போது பழைய பக்கங்களைப் பார்க்காமல் வெற்றுத் தாளில் மீண்டும் எழுதுங்கள். அப்பாவின் கை எப்படி முறிந்தது என்பது நான்காம் அத்தியாயம் வரை காத்திருக்கலாம். நான் திருத்தி எழுதியபோது முதல் பக்கத்தில் மிஞ்சியவை ஓர் அலாரமும், மழைச் சத்தத்துக்காகக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் ஒரு பெண்ணும், கதவருகே ஒன்றையொன்று ஒட்டி வைத்திருந்த கபடி ஷூவும் பால்வெட்டுக் கத்தியும் மட்டுமே.